காய்ந்த மையும் கோட்டுப்பாலும்

ஒரு புதன்கிழமை மாலை, தோட்டத்திலிருந்து ஓர் அக்கா கடைக்கு வந்தார். கையில் அவருடைய அம்மாவின் பழைய படம். "தம்பி, வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள். பெரிசாப் போட்டு, சட்டம் அடிச்சுக் குடுக்க முடியுமா?" என்று கேட்டார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சிறிய கடைக்கு இப்படிப்பட்ட படங்கள் நிறைய வரும். சரியென்று வாங்கி, கறைகளை நீக்கி அச்சுக்கு அனுப்பினேன். வந்த தாளில் பாட்டியின் முகம் பச்சை பாய்ந்திருந்தது. நெற்றிக்குக் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள்.

பத்து வருடங்களுக்கு மேல் உழைத்த ஆறு வண்ணப் பிரிண்டர் அது. சியான் என்னும் நீலம், மஜெந்தா என்னும் ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இவற்றோடு வெளிர் சியானும் வெளிர் மஜெந்தாவும். மனிதத் தோலின் மென்மையான நிறங்கள் பெரும்பாலும் அந்த வெளிர் மைகளில்தான் பிறக்கின்றன. மஜெந்தா வராமல் போனால் சியானும் மஞ்சளும் மட்டும் சேரும், முகம் பச்சையாகும். ஆகவே நிறத்தைப் பார்த்ததுமே எந்த மை நின்றுவிட்டது என்று தெரிந்துவிட்டது. ஏன் நின்றது என்பதுதான் கேள்வி.

மை தெளிக்கும் தலையின் அடியில் நூற்றுக்கணக்கான துளைகள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 20 மைக்ரோமீட்டர் அகலம். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சிறந்த புகைப்படப் பிரிண்டர்களில் ஒரு துளி மை ஏறக்குறைய 2 பிக்கோலிட்டர். ஒரு தேக்கரண்டி மையில் அப்படிப்பட்ட துளிகள் 250 கோடி இருக்கும்.

இந்தத் துளியை வெளியே தள்ள இரண்டு வழிகள் உள்ளன. எப்சன் பிரிண்டர்களில் துளைக்குப் பின்னால் பீசோ என்னும் பொருள் இருக்கும். மின்சாரம் பட்டதும் அது வளைந்து மையைப் பிதுக்கும். கேனன், எச்பி பிரிண்டர்களில் நுண்ணிய சூடேற்றி ஒன்று கண் இமைப்பதற்குள் மையைக் கொதிக்க வைக்கும். எழும் ஆவிக் குமிழி துளியைத் தள்ளும். 1977இல் கேனன் ஆய்வுக்கூடத்தில், சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாக மை நிறைந்த ஊசியில் பட்டு மை பீச்சியடித்ததிலிருந்துதான் அந்த நிறுவனத்தின் யோசனை பிறந்தது. இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது முக்கியம். சூடேற்றியைக் குளிர்விப்பதே அதன் வழியாக ஓடும் மைதான். மை இல்லாமல் தொடர்ந்து அச்சடித்தால் சூடேற்றி கருகிப் போகும், பிறகு மீளாது. பீசோ தலை நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதைப் பெரும்பாலும் எளிதில் கழற்ற முடியாது, மாற்றினால் செலவு அதிகம்.

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களுக்கு அடைப்பைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், பால் வடிந்து முடிந்ததும், வெட்டிய கோட்டில் மிச்சமிருப்பது காய்ந்து பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அந்தக் கோட்டுப்பாலை உரித்தெடுத்த பிறகுதான் கத்தி வைப்பார்கள். மையும் அப்படித்தான். அதன் தண்ணீர் ஆவியானால் துளையின் வாயில் கெட்டியாகிவிடும். ஆனால் ஒரு நல்ல வேறுபாடு உண்டு: காய்ந்த மை பெரும்பாலும் மறுபடி ஊறும், நேரம் கொடுத்தால்.

அந்த நேரத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை. கோடு விழுந்ததும் சுத்தம் செய்யும் பொத்தானை ஐந்து முறை, ஆறு முறை அழுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் பம்பு, துளைகள் வழியாக மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சில் கொட்டும். பஞ்சு எவ்வளவு நிறைந்தது என்று பிரிண்டர் கணக்கு வைத்திருக்கும். எல்லை வந்ததும் வேலையை நிறுத்திவிடும். நன்றாக இருக்கும் பல பிரிண்டர்கள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. எனக்கு இது பெரிய வருத்தம்.

துளைச் சோதனைத் தாளை இரண்டு முறை அச்சடித்து அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் கோடு விட்டிருந்தால் அது அடைப்பு. இடம் மாறி மாறி விட்டிருந்தால் மை சரியாக வரவில்லை அல்லது காற்றுக் குமிழி புகுந்திருக்கிறது. அதற்கு மேலும் மேலும் உறிஞ்சினால் நிலைமை மோசமாகும். பிரிண்டரை அணைத்து இரவு முழுதும் விட்டால் குமிழி மேலே ஏறிவிடும்.

எனக்கு விட்டிருந்தது ஒரே இடத்தில். தலை ஓய்வெடுக்கும் மூடியைத் திறந்து பார்த்தேன். அதன் ரப்பர் விளிம்பில் மை பொருக்குத் தட்டியிருந்தது. விளிம்பு ஒட்டாவிட்டால் காற்று நுழையும், துளை காயும். காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த, நூல் உதிராத துணியால் விளிம்பை மெல்லத் துடைத்தேன். மூடிக்குள் சில சொட்டுகள் விட்டு, தலையை அதன்மேல் நிறுத்தி, விடியும் வரை தொடவில்லை. குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பு படியும். ஸ்பிரிட்டும் வேண்டாம், சில நிறமி மைகள் அதில் திரிந்து கட்டியாகும்.

இந்த அடைப்பு எப்படி வந்தது என்று யோசித்தபோது பதில் வீட்டிலேயே இருந்தது. எங்கள் ஊரில் மாலையில் இடி இடித்தால் முதல் வேலை சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பது. அம்மா சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது, சரியான பழக்கம்தான். ஆனால் அச்சடித்துக் கொண்டிருக்கும்போது அப்படி அணைத்தால் தலை பாதி வழியில் மூடியில்லாமல் நின்றுவிடும். முதலில் பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி, தலை மூலைக்குப் போய் உட்காரும் சத்தம் கேட்ட பிறகே சுவர்ப் பக்கம் போக வேண்டும். அப்புறம், வாரம் ஒரு முறையாவது எல்லா வண்ணமும் வரும் சிறு படம் ஒன்றை அச்சடியுங்கள். ஒரு படத்துக்குச் செலவாகும் மை, ஒரு முறை சுத்தம் செய்வதற்கு ஆகும் மையைவிடக் குறைவு.

தாள் வழுக்கினால் அதை இழுக்கும் உருளையைப் பாருங்கள். ரப்பர் வயதானால் இறுகி வழவழப்பாகும், தாள்தூசியும் படியும். ஈரத்துணியால் துடைத்தாலே பல நேரம் பிடிமானம் திரும்பிவிடும்.

வியாழன் காலை ஒரே ஒரு முறை சுத்தம் செய்தேன். கோடுகள் முழுதாக வந்தன. பாட்டியின் முகம் மாநிறமாக, அக்கா கொண்டுவந்த படத்தில் இருந்தபடியே வந்தது. உடனே சட்டம் போடவில்லை. மையில் சீக்கிரம் காயாமலிருக்கச் சேர்க்கும் கிளைக்கால் (glycol) என்னும் திரவம் மெதுவாகத்தான் வெளியேறும். நம் ஈரக் காற்றில் படம் காய்வதும் தாமதம். அவசரப்பட்டால் கண்ணாடியின் உட்புறம் புகைபோல் படியும், சில நேரம் படமே ஒட்டிக்கொள்ளும். மேசைமேல் விரித்து, தூசி படாமல் மேலே வெறும் தாள் ஒன்றைப் போட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அக்கா வந்த பிறகுதான் சட்டம் அடித்துக் கொடுத்தேன்.