மெமரி கார்டும் முத்திரைத் தாளும்

சட்ட விழிப்புணர்வு முகாம் என்று ஏதாவது ஒரு கல்லூரிக்குப் போனால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: "சார், பாட்டு டவுன்லோடு பண்ணினா போலீஸ் பிடிக்குமா?" வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் என்னைத் தேடி வருகிற கூத்துக்காரரோ பம்பைக்காரரோ ஆர்கெஸ்ட்ரா பாடகரோ இதைக் கேட்டதே இல்லை. அவர்கள் கேட்பது, "எங்க பாட்டுல வர்ற காசு எங்க சார் போவுது?" பதிப்புரிமை வழக்கு பார்க்கிற வக்கீல் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். ஆனாலும் மாணவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டே அங்கே போகிறேன்.

பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதன் 63-வது பிரிவு, அடுத்தவர் உரிமையைத் தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், நீதிமன்றம் காரணத்தை எழுதி வைத்துவிட்டு இதைவிடக் குறைவாகவும் தண்டிக்கலாம். இது வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் தானாகக் கிடைக்காத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சப்-இன்ஸ்பெக்டர் மட்டத்தில் இருப்பவரே திருட்டுப் பிரதிகளைப் பறிமுதல் செய்யலாம்.

"என் சொந்த உபயோகத்துக்குத்தானே சார்" என்று யாராவது எழுந்து சொல்வார்கள். சொந்த உபயோகத்துக்கு நியாயமாகக் கையாளலாம் என்று 52-வது பிரிவு சொல்வது உண்மைதான். அதில் 'நியாயமாக' என்று ஒரு சொல் இருக்கிறதே! திருட்டுத் தளத்திலிருந்து முழு ஆல்பத்தையும் இறக்கி வைத்துக்கொண்டு இந்தப் பிரிவுக்குள் ஒதுங்க முடியாது என்பது என் கருத்து. நடைமுறையைக் கேட்டால், போனில் பத்துப் பாட்டு வைத்திருக்கிற மாணவனைத் தேடி எந்த ஸ்டேஷனிலிருந்தும் யாரும் வரப்போவதில்லை. மாட்டுகிறவர்கள் விற்கிறவர்கள்தான். திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவர 2004-ல் தமிழ்நாடு அரசு திருத்தமே செய்தது.

விற்கிறவர்கள் என்றதும் பெரிய கும்பலை நினைக்க வேண்டாம். வேலூரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டியோ, குடியாத்தம், ஆற்காடு கடைத்தெருக்களிலோ ரீசார்ஜ் கடைகளைப் பாருங்கள். கண்ணாடிக் கதவில் 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று ஒட்டியிருக்கும். உள்ளே பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அதில் 'அம்மன்', 'குத்து', 'சோகம்', 'பழசு' என்று ஃபோல்டர்கள். மெமரி கார்டையோ பென் டிரைவையோ கொடுத்தால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆயிரம் பாட்டு ஏறிவிடும். ஷேர் ஆட்டோ, டிராக்டர், லாரி எல்லாவற்றிலும் ஓடுவது இதுதான். எனக்குப் பழக்கமான கடைக்காரர் ஒருவர் என்னிடமே வாதாடினார்: "அந்தக் காலத்துல லிஸ்ட் எழுதிக் குடுத்து கேசட்ல பதிஞ்சிக்கினு போகலையா சார்? அப்ப எந்தக் கேஸும் இல்லையே?" அதுவும் அன்றைக்கே சட்ட விரோதம்தான், யாரும் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான் என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. நாளைக்கே அவர் கடையை மூடினாலும், அந்த 'அம்மன்' ஃபோல்டரில் பாடியிருக்கிற அக்காவுக்கு ஒரு ரூபாய் கூடப் போய்ச் சேராது. கம்பெனிக்குப் போகலாம். கம்பெனியிலிருந்து அந்த அக்காவுக்குப் போக ஒரு வழி இருக்க வேண்டுமே, அந்த வழி எப்போதோ அடைபட்டுவிட்டது. டவுன்லோடு பற்றிய சண்டையில் இந்தப் பகுதியை யாரும் பேசுவதில்லை. நிறுவனங்கள் 'கலைஞர் வயிற்றில் அடிக்காதே' என்கின்றன. கேட்பவர்கள் 'கம்பெனிதானே தின்கிறது' என்கிறார்கள். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

ஒரு பாட்டு சட்டத்தின் கண்ணில் ஒரே பொருள் அல்ல. வரிகள் எழுதியவருக்கு ஒரு உரிமை, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று, ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு ஒன்று, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனியாக ஒன்று. முதல் இரண்டு பேரும் காசு வாங்கிக்கொண்டு படத்துக்கு வேலை செய்தால் உரிமை தயாரிப்பாளருடையது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடகருக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லையே என்று அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் வருத்தப்பட்டார். 1994 திருத்தத்தில்தான் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று வந்தது. அப்புறம் 2012-ல் பெரிய திருத்தம். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் உட்கார்ந்து அதற்காகப் போராடினார். அந்த ஆண்டு ஜூன் 21 முதல், படப் பாட்டு தியேட்டருக்கு வெளியே ஓடினால் வருகிற ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு. அந்தப் பங்கை அவர்களே எழுதிக் கொடுக்க நினைத்தாலும் வாரிசுக்கோ ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அந்தப் பத்திரம் செல்லாது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே சினிமாவுக்குப் பாடுகிறவர்கள் குறைவு. வட ஆற்காட்டின் பாட்டு என்றால் அக்னி வசந்த விழாவின் பாரதக் கூத்து, கங்கையம்மன் திருவிழாப் பம்பை உடுக்கை, கல்யாண ஆர்கெஸ்ட்ரா. இவர்களிடம் சட்டம் எப்படி வேலை செய்கிறது, எங்கே செய்யாமல் போகிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு கூத்து ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியார் போனைக் கையில் பிடித்தபடி வந்தார். விழாக் குழு ஏற்பாடு செய்த வீடியோக்காரர், விடிய விடிய நடந்த கூத்து முழுவதையும் துண்டு துண்டாக வெட்டித் தன் யூடியூப் சேனலில் போட்டிருந்தார். பார்வைகள் லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஜமாவின் பெயர் எங்கேயும் இல்லை. கட்டியங்காரன் அடிக்கிற நக்கலை மட்டும் வெட்டி, பின்னால் ஏதோ சினிமா இசையை ஒட்டி ஷார்ட்ஸாகவும் விட்டிருந்தார்கள். "ராத்திரி முச்சூடும் தொண்டை கிழியப் பாடினது நாங்க. அவன் குந்திக்கினே சம்பாதிக்கறான் சார்" என்றார் வாத்தியார். விழாக் குழுவைக் கேட்டால், "வெத்தல பாக்குல அட்வான்ஸ் வெச்சு, பேசின தொகையைக் குடுத்தாச்சு. வீடியோவுக்கும் நாங்கதான் பணம் கட்டினோம். எங்க ஊர் வீடியோ" என்றார்கள்.

அவர்கள் பேச்சில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அட்வான்ஸ் கொடுத்தது ஆடுவதற்கு, பதிவு செய்து காசாக்குவதற்கு அல்ல. நிகழ்த்துபவர் என்றால் யார் என்று சட்டம் பட்டியலே போடுகிறது. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நாட்டியம் ஆடுபவர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் அதில் இருக்கிறார்கள். தெருக்கூத்துக்காரர் என்று தனியாக இல்லாவிட்டாலும், 'நிகழ்த்தும் வேறு யாரும்' என்பதில் அவர் வந்துவிடுகிறார். அர்ச்சுனன் தபசுக் கதை பரம்பரைச் சொத்து, அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அந்த ராத்திரி அந்த ஜமா அதை ஆடிய விதம் அவர்களுடையது. அவர்கள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யவோ மக்களுக்குப் போட்டுக் காட்டவோ கூடாது. இந்த உரிமை 50 ஆண்டுகள் இருக்கும். எழுத்து மூலம் சம்மதம் கொடுத்துப் படமாக்கினாலும், வணிக நோக்கில் பயன்படுத்தினால் ராயல்டி உண்டு.

வீடியோவை எடுக்கச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். வாத்தியார் பதறிவிட்டார். "அய்யோ வேணாம் சார். அதப் பாத்துட்டுத்தான் ஆரணிப் பக்கம் ரெண்டு ஊர்ல கூப்ட்டிருக்காங்க. எங்க பேரும் போன் நம்பரும் போடச் சொல்லுங்க, போதும்."

இலவசமாகப் பரவினால் கலைஞருக்கு நஷ்டமா லாபமா என்று பெரிய பெரிய ஆட்கள் வருஷக்கணக்காக வாதாடுகிறார்கள். வாத்தியாருக்கு அதில் குழப்பமே இல்லை. பரவட்டும், பேரோடு பரவட்டும் என்கிறார். சட்டத்தின் 38பி பிரிவும் இதைத்தான் தருகிறது: நிகழ்த்தியவர் இன்னார் என்று சொல்லவைக்கும் உரிமை, பேருக்குக் களங்கம் வருகிற மாதிரி வெட்டி ஒட்டுவதைத் தடுக்கும் உரிமை. நோட்டீஸ் அனுப்பினோம். ஷார்ட்ஸ் போயின. மற்ற வீடியோக்களின் கீழே ஜமாவின் பெயரும் எண்ணும் ஏறின. விளம்பர வருமானத்தில் ஒரு பங்கு தருவதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். அது மாதா மாதம் ஒழுங்காக வருகிறதா என்பது தனிக் கதை.

அதே யூடியூபில் தலைகீழாகவும் நடக்கும். கேசட் காலத்தில் அம்மன் பாட்டுப் பாடிய ஒரு பெண்மணி, இப்போது வீட்டில் உட்கார்ந்து உடுக்கையோடு புதிதாகப் பாடி, மகனை விட்டுப் பதிவேற்றினார். மறுநாளே பழைய கேசட் கம்பெனியின் பெயரில் கன்டென்ட் ஐடி, அதாவது யூடியூபே தானாக ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் முறை, மூலம் உரிமைகோரல் வந்தது. விளம்பரக் காசு இனி அவர்களுக்காம். கம்பெனியோடு போட்ட பத்திரம் எங்கே என்றால், பாடியதற்குக் கூலி பெற்றுக்கொண்டதாக ஒரு வவுச்சர் மட்டும்தான். பழைய ஒலிப்பதிவு கம்பெனியுடையதாக இருக்கலாம். ஊர் ஊராகப் பாடி வந்த பரம்பரை மெட்டு அவர்களுடையது எப்படி ஆகும்? இந்த மாதிரி நேரத்தில் பயந்து வீடியோவை அழித்துவிடாதீர்கள். யூடியூபிலேயே மறுப்புத் தெரிவிக்கலாம், செலவில்லை. கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கோரிக்கை தானாக விலகும். இவர் விஷயத்தில் பதிலே வரவில்லை.

காசு கட்டிக் கேட்கிற ஆப்களில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். சந்தாவும் விளம்பரப் பணமும் ஒரு குடத்தில் விழுகின்றன. எந்தப் பாட்டு மொத்தத்தில் எவ்வளவு ஓடியது என்று பார்த்து அந்த விகிதத்தில் உரிமையாளருக்குப் போகிறது. நீங்கள் நாள் முழுக்க நம்ம ஊர்ப் பம்பை மட்டுமே கேட்டாலும், உங்கள் சந்தாவில் பெரும்பகுதி அதிகம் ஓடுகிற சினிமாப் பாட்டுக்குத்தான் சேரும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடாவிட்டால் அதற்குக் காசே கிடையாது. சின்னக் கலைஞருக்கு இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் திருட்டு டவுன்லோடு நியாயமாகிவிடாது. அதில் ஓடியது எத்தனை தடவை என்ற கணக்கே எங்கும் பதிவாகாது, பேரமே பேச முடியாமல் போகும்.

கல்யாணத்தில் பாடினால் லைசென்ஸ் வேண்டுமா என்று ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும், உண்மையான மதச் சடங்குகளுக்கும் 52-வது பிரிவில் விலக்கு உண்டு. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை நினைவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் அதைப் படம் பிடித்துச் சேனலில் போட்டுச் சம்பாதிப்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது.

இனி பத்திரம். என்னிடம் வருகிற கலைஞர்களில் பெரும்பாலோரிடம் பத்திரம் என்ற ஒன்றே இருக்காது. இருந்தால் "சகல உரிமைகளையும் என்றென்றைக்கும் உலகெங்கும்" என்ற ஒரே வரி இருக்கும், கீழே கையெழுத்து. இந்த இரண்டில் எது மோசம் என்றால், கையெழுத்துப் போட்டதுதான். எழுத்திலும் கையெழுத்திலும் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. ஆகவே ஒன்றும் எழுதாதவரின் உரிமை இன்னும் அவரிடமே இருக்கிறது என்று என்னால் வாதாட முடியும். பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதாவது காலி இடம் கலைஞருக்குச் சாதகம். அதனால்தான் எதிர்த் தரப்பு 'என்றென்றைக்கும்' என்று மறக்காமல் போடுகிறது. 2012-க்குப் பின் எழுதிய பத்திரமானால், எழுதிய நாளில் இல்லாத ஊடகம் எதுவும், பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அதில் அடங்காது. ராயல்டி எவ்வளவு, எப்போது, கணக்கை யார் காட்டுவது என்று நாலு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

ராயல்டி வசூலித்துத் தரும் சங்கங்கள் இருக்கின்றன: பாட்டு எழுதுபவரும் மெட்டுப் போடுபவரும் ஐபிஆர்எஸ்ஸில் சேரலாம், பாடுபவரும் வாசிப்பவரும் இசாம்ராவில். பதிப்புரிமை அலுவலகத்தில் படைப்பைப் பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை உண்டு. ஆனாலும் நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்தப் பதிவு அத்தாட்சிக்கு உதவும். அரசுக் கட்டணம் இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. குறைந்தபட்சம், பாடிய தேதியும் ஊரும் தெரிகிற அசல் ஃபைலை அழிக்காமல் வையுங்கள்.

கம்பெனி சென்னையிலோ மும்பையிலோ இருக்கிறது, அங்கே யார் அலைவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டாம். 62-வது பிரிவின்படி உரிமையாளர் எங்கே குடியிருக்கிறாரோ, தொழில் செய்கிறாரோ, அந்த மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். பேரணாம்பட்டில் இருக்கிற பம்பைக்காரர் மும்பைக் கம்பெனியைச் சத்துவாச்சாரிக்கு வரவழைக்க முடியும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். வரும்போது பழைய வவுச்சர், நோட்டீசு, விழா அழைப்பிதழ், வாட்ஸ்அப் பேச்சு என்று இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.