இடது கை தாளம் தட்ட, வலது கை ஏன் ஆடுகிறது?

ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த குறைபாடு, உள்ள பிள்ளை என்றதும் ஓரிடத்தில் உட்காராத, சொன்னதைக் காதில் வாங்காத குழந்தைதான் நம் நினைவுக்கு வரும். அதே குழந்தை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறுவதையும், ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் விழிப்பதையும், எறிந்த பந்தைக் கோட்டைவிடுவதையும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடல் அசைவுகளிலும் சிரமம் இருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள கென்னடி கிரீகர் நிறுவனத்தில், 8 முதல் 12 வயதுக் குழந்தைகளிடம் ஒரு எளிய சோதனை நடந்தது. ஒரு கையின் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் வரிசையாகத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஆராய்ச்சியாளர்களின் கண் இருந்ததோ சும்மா இருக்க வேண்டிய மறு கையின் மேல். இடது கை விரல்களைத் தட்டும்போது, ஏடிஎச்டி உள்ள குழந்தைகளின் வலது கை மற்றக் குழந்தைகளுடையதைவிட இரு மடங்குக்கும் மேலாகத் தானும் சேர்ந்து அசைந்தது. 2011இல் வெளியான முடிவு இது.

சின்னக் குழந்தை கத்தரிக்கோல் பிடித்துக் காகிதம் வெட்டும்போது வாயும் கூடவே திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த வகைதான். ஓர் உறுப்பை அசைப்பது என்றால் அதற்குக் கட்டளை போனால் மட்டும் போதாது. மற்ற உறுப்புகளை அசையாமல் நிறுத்தியும் வைக்க வேண்டும். வளர வளர மூளைக்கு இந்த பிரேக் பழகிவிடும். ஏடிஎச்டியில் அது தாமதமாகிறது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், தலைக்கு வெளியிலிருந்து மெல்லிய காந்தத் துடிப்புகளைச் செலுத்தி, அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியின் தடுப்புத் திறனை அளந்தார்கள். மற்றக் குழந்தைகளைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தது. அது குறையக் குறைய ஏடிஎச்டியின் அறிகுறிகளும் கடுமையாக இருந்தன. என்னைப் பொறுத்தவரை முக்கியமான செய்தி இதுதான்: வகுப்பில் எழுந்து ஓடுவதும் கை தடுமாறுவதும் தனித்தனிக் குற்றங்கள் அல்ல.

இதோடு சிறுமூளையும் சேர்கிறது. அசைவின் நேரத்தையும் அளவையும் சரிபார்ப்பது அதன் வேலை. ஏடிஎச்டி உள்ள குழந்தைகளுக்கு அது சராசரியாகச் சற்றுச் சிறியதாக இருப்பதை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. ஒரே வரியில் ஓர் எழுத்து குண்டாகவும் அடுத்தது ஒல்லியாகவும் கோட்டைத் தாண்டியும் போவது ஏன் என்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

சரி, மருந்து கொடுத்தால் போதாதா? ஜெர்மனியில், ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் மருந்தை எடுத்த குழந்தைகளை எழுதவைத்துப் பார்த்தபோது எழுத்து தெளிவானது. ஆனால் கையின் ஓட்டம் தடைப்பட்டது. ஒவ்வொரு எழுத்தையும் கவனித்துக் கவனித்து வரைந்ததே காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆக, மருந்தால் கவனம் கூடினாலும் கைப்பழக்கம் தனியாகத்தான் வர வேண்டும். லேஸ் கட்ட வரவில்லையென்றால் லேஸ் கட்டுவதையே சிறு சிறு படிகளாகப் பிரித்துப் பழக்குவதுதான் பலன் தருகிறது. அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதற்கு உதவுவார். அதுவரை அந்தப் பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுங்கள். ‘அழகா எழுது’ என்று நூறு முறை இம்போசிஷன் மட்டும் கொடுக்காதீர்கள்.