ரோபோவில் மனிதன் எங்கே இருக்கிறான்?

போன மாதம் ஒரு தொழிற்பயிற்சிக் கையேட்டின் தமிழாக்கம் பிழைதிருத்த வந்தது. படத்தில் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய ஒற்றைக் கை. தலையும் இல்லை, காலும் இல்லை. கீழே ‘பற்றவைக்கும் இயந்திர மனிதன்’ என்று எழுதியிருந்தார்கள். ரோபோவுக்கு இந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் ஆண்டைக்குக் கூலியில்லாமல் செய்து தீர்க்க வேண்டிய வேலை. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்துக்காக அவருடைய அண்ணன் யோசெப் அதிலிருந்து எடுத்துக்கொடுத்த சொல்தான் ‘ரோபோ’. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’யும் கூலியில்லா உழைப்புதான். ஆனால் இன்று ‘வெட்டி’ என்றால் யார் மதிப்பார்கள்?

நாடகத்தில் வந்தவை மனித உருவம், சரி. 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த யூனிமேட் என்ற ரோபோ வெறும் கைதானே! அதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் டெவோல் வாங்கிய காப்புரிமையின் தலைப்பிலும் மனிதன் கிடையாது. நிரல்படி பொருளை இடம் மாற்றுவது என்ற அளவில் நின்றது. ‘மனிதன்’ என்று பெயர் வைத்து ஆய்வுக்குப் பணம் கேட்டால், கொடுப்பவர் மனிதனைத்தான் எதிர்பார்ப்பார். எடின்பரோவில் ஃப்ரெடி என்ற ரோபோ, குவித்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்கிப் பொம்மைக் கார் பூட்டியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வித்தை. ஆனால் 1973-இல் கணித அறிஞர் ஜேம்ஸ் லைட்ஹில் தந்த அறிக்கை, ரோபோ கட்டும் ஆய்வு சொன்னதைச் செய்யவில்லை என்றது. பிரிட்டனில் அந்தத் துறைக்கான நிதி சுருங்கிப்போனது.

‘தானியங்கி’ என்பார்கள் சிலர். பணம் எடுக்கும் பெட்டியும் தானியங்கி, வாசலில் தானே திறக்கும் கதவும் தானியங்கி. அப்புறம் ரோபோவை எப்படிப் பிரித்துச் சொல்வது? அது தானாக இயங்குவதும் இல்லை, சொன்னபடி இயங்குகிறது. ‘எந்திரன்’ பரவாயில்லை, ஆனால் அந்த ‘ன்’ விகுதி மறுபடியும் ஓர் ஆணைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ரோபோவுக்கு நிரல் எழுதும் மொழியை ‘இயந்திர மனிதனின் மொழி’ என்பது இன்னும் மோசம். ‘இயந்திர மொழி’ என்று, கணினி நேரடியாகப் புரிந்துகொள்ளும் வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. மாணவன் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் என்ன செய்வான்?

ரோபோவுக்கு எழுதும் நிரலை ஒருமுறை படித்துப் பாருங்கள். யூனிமேட்டைச் செய்த யூனிமேஷன் நிறுவனத்தின் ‘வால்’ என்ற ரோபோ மொழியில் ‘அப்ரோ’, ‘மூவ்’, ‘டிபார்ட்’ என்று வரும். தமிழில் சொன்னால் அணுகு, நகர், விலகு. மூன்றும் ஏவல் வினை! நம் இலக்கணம் வைத்த பெயரே கையில் இருக்கும்போது மனிதனை எதற்கு இழுக்க வேண்டும்? பேச்சில் ‘ரோபோ’ போதும். தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘ஏவற்பொறி’, மொழிக்கு ‘ஏவல்மொழி’. பில்லி சூனியக்காரர்களின் ‘ஏவல்’ நினைவுக்கு வருகிறது என்றார் நண்பர். வரட்டும், அதுவும் ஒருவன் சொல்லி இன்னொன்று செய்வதுதானே.

அப்படியே திருத்தி அனுப்பினேன். அச்சுக்குப் போகும் பிரதி திரும்பி வந்தபோது படத்தின் கீழே இருந்தது: ‘பற்றவைக்கும் ஏவற்பொறி மனிதன்’.