ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அம்மாவின் அசதி மட்டும் தீரவில்லை

"வயசாகுதில்ல, ரெஸ்ட் எடுங்க" என்று ஒரு டாக்டர் சொல்லுவார். "டென்ஷனைக் குறைங்க" என்று இன்னொருவர் சொல்லுவார். அதற்குப் பிறகு வீட்டில் நடப்பது எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். ஒரு பி காம்ப்ளெக்ஸ் ஊசி, ஒரு பாட்டில் டானிக், கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும். உப்பு மிளகாயால் கெடுதல் ஒன்றுமில்லை. ஊசியால் உண்டு, ஏன் என்று கீழே வருகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் இருக்கும் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். மாதக்கணக்கில் அசந்து கிடக்கும் ஒருவருக்குச் சரியான நோயறிதல் கிடைக்காமல் போவதற்குப் பல சமயம் டாக்டரின் அறியாமை காரணமல்ல. டாக்டர் பார்ப்பது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அம்மா முந்தின நாள் முழுக்கப் படுத்திருந்து தெம்பு சேர்த்துக்கொள்கிறார். காலையில் குளித்து, தலைவாரி, நல்ல உடையாக உடுத்தி வருகிறார். "எப்படி இருக்கீங்க?" என்றால் "பரவாயில்லை டாக்டர்" என்கிறார். அடுத்த இரண்டு நாள் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடப்பதைப் பார்க்கிறவர் நீங்கள் ஒருவர்தான். அந்த இரண்டு நாளும் டாக்டரின் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்து 14 நாள் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், எழுந்தபோது தூங்கின தெளிவு இருந்ததா? அன்றைக்குச் செய்ததிலேயே கனமான வேலை எது? காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தெம்பு பத்துக்கு எத்தனை? கடைசிக் கட்டம்தான் முக்கியம்: அந்தக் கனமான வேலைக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருந்தார்? மேலே ஒரு பக்கத்தில் போன வருஷத்தோடு ஒப்பிட்டு நான்கு வரி எழுதுங்கள். போன ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் காய்ச்சும் இடத்தில் நாள் முழுக்க நின்றவர், இந்த ஆடியில் அரைமணி நேரத்தில் நாற்காலி கேட்டார் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். "ரொம்ப டயர்டா இருக்காங்க" என்பதை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. நாள் முழுக்க முடிந்தது அரைமணியாகச் சுருங்கிவிட்டது என்பது அளவு. அதை அவர் கேஸ் சீட்டில் எழுதியே ஆக வேண்டும்.

நாம் அசதி என்று சொல்வதற்குள் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. டி.வி. பார்க்கும்போதே கண் சொக்குகிறதா? அது தூக்கக் குறை. குறட்டை விடுகிறவராக இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லையா? தசை, தைராய்டு, வைட்டமின் டி பக்கம் போக வேண்டும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? இதயம், நுரையீரல், ரத்தசோகை. செய்யத் தெம்பு இருந்தும் எதிலும் நாட்டமில்லையா? மனச்சோர்வு. ஆசையெல்லாம் இருக்கிறது, செய்யவும் செய்கிறார், ஆனால் மறுநாள் சுருண்டு விழுகிறார் என்றால் அது வேறு வழி. அதற்குப் பிறகு வருகிறோம். எந்த அசதி என்று வீட்டிலேயே பிரித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

முதல் சுற்று ரத்தப் பரிசோதனையில் இருக்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பு), சி.ஆர்.பி. (அழற்சி), டி.எஸ்.ஹெச். (தைராய்டு), ஹெச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), வைட்டமின் பி12, கிரியாட்டினின் (சிறுநீரகம்), உப்புகள் (சோடியம், பொட்டாசியம்), கால்சியம், கல்லீரல் பரிசோதனை, ஹெச்.ஐ.வி. கூடவே சிறுநீர். "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு" என்று வருகிறவர்களின் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் முழு ரத்த எண்ணிக்கையும் சர்க்கரையும் மட்டும்தான் இருக்கும். நார்மல் என்று யாராவது சொன்னால் எது நார்மல் என்று கேளுங்கள். தாளின் நகல் வாங்கி வீட்டில் வையுங்கள்.

இரும்பை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் தவறுவது இங்கேதான். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் ஹீமோகுளோபின் குறைவதற்கு வெகுநாள் முன்பே இரும்புக் கையிருப்பு காலியாகிவிடும். கையிருப்பைச் சொல்வது ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் 12.4, ஃபெரிட்டின் 9 என்று ஒரு தாள் வந்தால் அது நார்மல் தாள் அல்ல. ஆரோக்கியமான பெரியவருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் கையிருப்பு தீர்ந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 30க்குக் கீழே இருந்தாலே பல டாக்டர்கள் குறைபாடாக எடுத்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. உடம்பில் எங்காவது அழற்சியோ தொற்றோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். அதனால்தான் பக்கத்திலேயே சி.ஆர்.பி. கேட்கிறோம். சி.ஆர்.பி. ஏறியிருக்கும்போது ஃபெரிட்டின் 50 என்றால் நிம்மதி அடையாதீர்கள். அந்த நிலையில் 70 வரைக்கும் குறைபாடு இருக்கலாம்.

குறைபாடு என்று தெரிந்ததும் மாத்திரையோடு விட்டுவிடுவது இரண்டாவது தவறு. ரத்தம் எங்கே போகிறது? மாதவிடாய் 7 நாளைத் தாண்டுகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, மணிக்கொரு தடவை பேட் மாற்ற வேண்டியிருக்கிறதா? வெட்கத்தால் இதை மகனிடமோ ஆண் டாக்டரிடமோ சொல்லாத பெண்கள் நம் குடும்பங்களில் நிறைய; மகளோ மருமகளோ கூடப் போவது இதற்காகத்தான். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் எந்த வயது ஆணுக்கும் இரும்புக் குறைபாடு வந்தால் குடலில் கசிவோ கட்டியோ இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதி வீண். டீக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தினமும் போட்டு வயிறு கெடுகிறது என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள், உடம்பில் நன்றாகவே சேரும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விட வேண்டும். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல் மேலும் 3 மாதம் தொடர்ந்தால்தான் கையிருப்பு நிரம்பும்.

ரத்த அணுக்கள் சிறுத்தே இருந்து ஃபெரிட்டின் சரியாக இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்தக் கோளாறின் கூறு இருக்கலாம். இந்திய வம்சாவளியில் அது அரிதல்ல. அதற்கு வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பதில் அர்த்தமில்லை.

இப்போது அந்த பி காம்ப்ளெக்ஸ் ஊசி. அதில் பல சமயம் பி12 கலந்திருக்கும். பி12 குறைந்தவர் பரிசோதனைக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் தாளில் அளவு எகிறிவிடும். குறைபாடு இருந்ததா, எதனால் வந்தது என்பது பிறகு எளிதில் தெரியாது. முதலில் ரத்தம் கொடுங்கள், பிறகு ஊசி. பி12 யாருக்குக் குறையும்? வருஷக்கணக்கில் சைவமாக இருப்பவர்கள், மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடும் சர்க்கரைக்காரர்கள், நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல் விடாமல் போடுகிறவர்கள். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. புரட்டாசி ஒரு மாதம் கவிச்சி ஒதுக்குவதால் பி12 தீர்ந்துவிடாது, கல்லீரலில் சில வருஷத்துக்கான சேமிப்பு இருக்கும்; விரதத்தின் மேல் பழி போட வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் 2003 அக்டோபரிலிருந்து மீலி (மக்காச்சோள) மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் அமிலம் கலப்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் பி12 குறைந்தவரின் ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் மறைத்துவிடக்கூடும், நரம்புச் சேதமோ நிற்காமல் நடக்கும். ஆகவே ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று பி12ஐத் தள்ளிவிடக் கூடாது. பாதத்தில் மதமதப்பு, நாக்கு வழவழப்பாகிப் புண்ணாவது, இருட்டில் நடக்கத் தடுமாற்றம், மறதி ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். அளவு சுமார் 150 பிகோமோலுக்குக் கீழே என்றால் குறைபாடு. அதிலிருந்து 250 வரை சந்தேகப் பகுதி, அறிகுறி இருந்தால் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பது நியாயம்.

முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்பே அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சில லேப் கருவிகளில் அளவு தவறாக வரும். ஹெச்.பி.ஏ.1சி 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ஆனால் இரும்புக் குறைபாடு அதையும் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று ரொட்டியை நிறுத்திவிட்டுப் போய் சீலியாக் (கோதுமைப் புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) பரிசோதனை கேட்காதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அது பிடிபடும்.

காசநோயும் ஹெச்.ஐ.வி.யும் "நம்ம ஆளுங்களுக்கு வராது" என்ற நினைப்பு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இந்த நாட்டில் அந்த நினைப்பு ஆபத்து. சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் துணி நனையும் வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு கிளினிக்கில் சளிப் பரிசோதனை கேளுங்கள், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் அப்படியே. கேட்பதில் வெட்கம் எதற்கு?

வீட்டிலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பட்டியல் போதாது, பையே வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சளிக்கான குளோர்ஃபெனிரமின், கடையில் வாங்கும் கோடீன் கலந்த வலிமாத்திரை எல்லாம் ஆளை அசத்தும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

குறட்டை விடுகிறவரைப் போனில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுங்கள். மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கும் இடம் அதில் விழுந்தால் நீண்ட விளக்கம் தேவையில்லை. நம்மவர்களுக்குப் பெரிய பருமன் இல்லாமலே இது வரும்.

நெஞ்சு அழுத்தம், மயங்கி விழுதல், கறுப்பு மலம், கால் வீக்கத்தோடு மூச்சுத்திணறல், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு இருந்தால் நோட்டு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், அன்றே போங்கள். நம் சமூகத்தில் இதயநோய் இளவயதிலேயே வருகிறது. சர்க்கரை உள்ள பெண்ணுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் திடீர் அசதி மட்டும் அதன் அடையாளமாக இருக்கலாம்.

எல்லாம் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்

நோட்டின் கடைசிக் கட்டத்துக்கு இப்போது திரும்புங்கள். சந்தைக்குப் போய்வந்த செவ்வாய்க்கிழமை நன்றாக இருந்தார், புதனும் வியாழனும் படுக்கை, தொண்டை வலி, வெளிச்சம் பிடிக்கவில்லை, பேச்சுக் குழறியது என்ற கதை திரும்பத் திரும்ப வருகிறதா? அதற்கு எம்.ஈ. அல்லது நாட்பட்ட அசதி நோய் என்று பெயர். காய்ச்சலுக்கோ கோவிடுக்கோ பிறகு தொடங்குவது வழக்கம். அமெரிக்க இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015இல் வகுத்த அடையாளங்கள்: 6 மாதத்துக்கு மேல் முன்பிருந்த செயல்திறன் வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும், உழைப்புக்குப் பிறகு நிலை மோசமாக வேண்டும், தூங்கியும் தெளிவு வரக் கூடாது, இவற்றோடு மூளை மந்தமோ, நிமிர்ந்து நிற்க முடியாமையோ ஒன்று இருக்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2021இல் 3 மாதத்திலேயே நோயறிதலை உறுதி செய்யலாம் என்றது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டும் உடற்பயிற்சித் திட்டத்தை இந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது. "எழுந்து நடந்தா சரியாயிடும்மா" என்று பாசத்தோடு விரட்டுகிற வீடுகளில் நோய் முற்றுவது இதனால்தான்.

நிற்க முடியாமையை வீட்டு பி.பி. கருவியாலேயே அளக்கலாம். 10 நிமிஷம் அசையாமல் படுக்கவைத்து அழுத்தமும் நாடியும் எடுங்கள். பிறகு சுவரில் தோளைச் சாய்த்து, குதிகால் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்க, பேசாமல் நிற்கச் சொல்லி 10 நிமிஷம் வரை ஒவ்வொரு நிமிஷமும் எடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், கண் இருட்டினால் உடனே படுக்கவையுங்கள். நாடி 30 துடிப்பு ஏறி அப்படியே நின்றாலும் (20 வயதுக்குள் இருப்பவருக்கு 40), முதல் 3 நிமிஷத்தில் மேல் அழுத்தம் 20 இறங்கினாலும் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். அட்டெனலால் போன்ற மாத்திரை இந்த ஏற்றத்தை மறைக்கும் என்பதால் மாத்திரைப் பெயரையும் தாளில் எழுதுங்கள்.

அரசு வழியில் போகிறவர்கள் பக்கத்துக் கிளினிக்கில் தொடங்க வேண்டும். அங்கிருந்து ஆர்.கே. கான் அல்லது மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, தேவைப்பட்டால் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி. கடைசியாகச் சொன்ன மருத்துவமனைக்கு டாக்டரின் பரிந்துரைக் கடிதமில்லாமல் போக முடியாது. வரிசையில் காத்திருப்பதே ஆளைச் சாய்த்துவிடும், ஆகவே தண்ணீர், சாப்பாடு, சாய்ந்துகொள்ளத் தலையணை எடுத்துப் போங்கள். ஒரு டாக்டர் ஒரு பரிசோதனை வேண்டாம் என்றால் சண்டை வேண்டாம். "ஏன் வேண்டாம்னு சீட்டில எழுதிடுங்க டாக்டர்" என்று மரியாதையாகக் கேளுங்கள். அடுத்த டாக்டர் அதிலிருந்து தொடங்குவார்.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) இருப்பவர்கள் சீட்டில் போடும் ஐ.சி.டி.-10 என்ற நோய்க் குறியீட்டு எண்ணைக் கவனியுங்கள். ஆர்53 என்றால் வெறும் களைப்பு, ஒரு அறிகுறி. எஃப்48.0 என்றால் மனநலப் பிரிவு. எம்.ஈ.க்கு உரிய எண் ஜி93.3, நரம்பு மண்டலப் பிரிவு. தைராய்டு குறைவு, சர்க்கரை, அடிசன் நோய் (அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு), இதயச் செயலிழப்பு ஆகியவை திட்டம் கட்டாயம் பணம் கொடுக்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உறுதியானால் அதைக் கண்டுபிடிக்கச் செய்த பரிசோதனைச் செலவையும் கேட்கலாம். எம்.ஈ. அந்த நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இல்லை. நோயறிதல் மாறிய பிறகும் பழைய எண்ணிலேயே கிளெயிம் போய்க்கொண்டிருக்கும். அடுத்த முறை ரிசப்ஷனில் பணம் கட்டும்முன் எண்ணைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.