சமூகச் சிற்பம் அல்ல, சமூக வனைவு

போன மாதம் ஒரு கலை உரைக்குப் போயிருந்தேன். ஜெர்மன் கலைஞர் யோசஃப் பாய்ஸைப் பேச்சாளர் 'சமூகத்தைச் செதுக்கிய சிற்பி' என்று அறிமுகப்படுத்தினார். அப்புறம் உரை முடியும்வரை 'சமூகச் சிற்பம்', 'சமூகச் சிற்பம்' என்றே வந்துகொண்டிருந்தது. கட்டுரைகளிலும் இதைப் பலமுறை படித்து மனம் கசந்திருக்கிறேன்.

பாய்ஸ் சொன்னது 'சோஸியாலெ பிளாஸ்டிக்'. சமூகத்தையே எல்லாரும் சேர்ந்து உருவாக்கும் கலைப்படைப்பாகப் பார்க்கும் கருத்து அது. நம் கடைப் பிளாஸ்டிக்குக்கும் இந்தச் சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்: பிசைந்து உருவாக்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். செதுக்கி எடுப்பதற்கு ஜெர்மனில் 'ஸ்குல்ப்டூர்' என்று வேறு சொல் உண்டு. அது லத்தீன் வழி வந்தது. ஆங்கிலம் இரண்டையும் 'ஸ்கல்ப்ச்சர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. நம்மவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்து மொழிபெயர்த்தார்கள். தவறு அங்கே தொடங்கியது.

பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு மண்ணையும் மெழுகையும்கூடச் சிற்பத்துக்கு உரிய பொருள்களில் சேர்க்கிறதே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் இன்று 'சிற்பம்' என்றதும் மாமல்லபுரத்து உளிச் சத்தம்தான் காதில் விழுகிறது. செதுக்குதல் என்றால் வேண்டாததை வெட்டி எறிவது. உளி ஒருவர் கையில், கல் வாய் திறக்காது. சமூகம் கல், தலைவர் சிற்பி என்ற நம் மேடைப் பேச்சுப் பழக்கம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. 'ஒவ்வொரு மனிதரும் கலைஞர்' என்ற பாய்ஸின் நிலைக்கு இது நேர் எதிர். 1971இல் டுசல்டோர்ஃப் நகரத்துக் காடு ஒன்றின் ஒரு பகுதியை டென்னிஸ் மைதானத்துக்காக வெட்டப் பார்த்தபோது, அதை எதிர்த்து மாணவர்களோடு துடைப்பம் எடுத்துக் காட்டைப் பெருக்கியவர் அவர். 1972இல் காசெல் நகரத்துக் கண்காட்சியில் நூறு நாள் உட்கார்ந்து, வந்தவர்களோடு நேரடி மக்களாட்சி பற்றி விவாதித்தார். ஜெர்மன் பசுமைக் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இதில் எங்கே உளி?

'7000 ஓக் மரங்கள்' திட்டத்தைப் பாருங்கள். 1982இல் காசெல் அருங்காட்சியகத்துக்கு முன்னால் 7000 பசால்ட் கல்தூண்களைக் குவித்தார். நகரத்தில் ஒரு மரம் நட்டால்தான் குவியலிலிருந்து ஒரு தூண் நகர்ந்து அதன் பக்கத்தில் போய் நிற்கும். குவியல் கரையக் கரைய நகரம் பச்சையாகும். 1986இல் பாய்ஸ் இறந்தார். கடைசி மரத்தை 1987இல் அவர் மகன் நட்டார். மரங்கள் இன்றும் வளர்கின்றன, பக்கத்துக் கல் அப்படியே நிற்கிறது. அந்தக் கல்லும் யாரும் செதுக்கியதல்ல. எரிமலைக் குழம்பு குளிரும்போது தானாகத் தூணாக இறுகியது. கொழுப்பு, மெழுகு, தேன் என்று சூட்டில் இளகிக் குளிரில் இறுகும் பொருள்களையே தேடிப் போன மனிதர் அவர்.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? குயவர் ஈரமண்ணைப் பானையாக்கும் வனைதல் இருக்கிறது. கணவனை இழந்த பெண் இறந்தவரைப் புதைக்கும் ஈமத்தாழியைத் தனக்கும் சேர்த்து 'அகலிது ஆக வனைமோ', அகலமாக வனைந்து தா என்று குயவரிடம் கேட்கும் புறநானூற்றுப் பாட்டை மறக்க முடியுமா? ஈரம், சூடு, கைகள் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. குயவரும் ஒருவர்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஈரமண்ணை எத்தனை கைகளும் தொடலாம், பிடிக்காவிட்டால் பிசைந்து மறுபடி தொடங்கலாம். வெட்டிய கல்லை ஒட்டவைக்க முடியாது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'குமுகச் சிற்பம்' என்று எழுதுகிறார்கள். எல்லாருக்கும் புரியும் 'சமூக'த்தை மாற்றிவிட்டு, பொருளைக் கெடுக்கும் பாதியை அப்படியே விட்டுவைத்தால் எப்படி? இன்னொரு பக்கம் 'சமூக நெகிழி' என்று ஒருமுறை படித்தேன். அகராதியில் பிளாஸ்டிக்குக்கு நேராக இருந்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். நெகிழி குடத்துக்கும் பைக்கும் இருக்கட்டும். பாய்ஸுக்கு நான் 'சமூக வனைவு' என்றே எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் பக்கத்தில் 'சோஸியாலெ பிளாஸ்டிக்' என்றும் சேர்த்துவிடுகிறேன்.