துரத்தினாலும் எட்டாத துடிப்பு

"போர் விமானிகளின் பேச்சைச் சங்கேதமாக மாற்றிவிட்டால் போதாதா, அலைவரிசையை வேறு ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

போதாது. சங்கேதம் இருந்தால் எதிரிக்குப் புரியாது, அவ்வளவுதான். அதே அலைவரிசையில் அவன் பெரும் இரைச்சலைக் கிளப்பிவிட்டால் நம் ஆளுக்கும் ஒன்றும் கேட்காது. இதுதான் ஜாமிங்.

இதற்கு மருந்து, ஓரிடத்தில் நிற்காமல் தாவுவது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். பியானோ கட்டைகளைப் போல அதில் 88 அலைவரிசைகள்.

இன்று நேட்டோ விமானங்களில் உள்ள லிங்க் 16 என்ற தகவல் பரிமாற்ற வலையமைப்பு, 51 அலைவரிசைகளுக்குள் 13 மைக்ரோநொடிக்கு (நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோநொடி) ஒருமுறை தாவுகிறது. அடுத்த தாவல் எங்கே என்பதை இரு தரப்பு கருவிகளிலும் உள்ள ரகசியச் சாவியும் (ஒரு ரகசிய எண்) கடிகாரமும் சேர்ந்து முடிவு செய்யும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். அந்த 13 மைக்ரோநொடியில் துடிப்பு, அதாவது தகவலைச் சுமக்கும் ரேடியோ அலை, இருப்பது வெறும் 6.4 மைக்ரோநொடி, மீதி மௌனம். அந்த 6.4 மைக்ரோநொடியில் ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் கடக்கும் தூரம் சுமார் 1.9 கிலோமீட்டர். எதிரியின் கருவி துடிப்பைக் கேட்ட அதே கணத்தில் இரைச்சலைத் திருப்பி அனுப்புகிறது என்றே வைத்துக்கொள்வோம். நம் துடிப்பு ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகிறது. எதிரி வழியாக வருவதோ முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களையும் சுற்றி வரவேண்டும். அந்தச் சுற்று 1.9 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக இருந்தால் போதும், இரைச்சல் வந்து சேரும்போது துடிப்பு முடிந்து போயிருக்கும். எவ்வளவு பெரிய கணினி வைத்திருந்தாலும் பயனில்லை. ஒளியின் வேகமே நமக்குக் காவல் நிற்கிறது!

சரி, 51-லும் ஒரே நேரத்தில் கத்தினால்? அவனுடைய ஆற்றல் பங்கு பிரிந்து மெலிந்துவிடும். சில துடிப்புகள் கெட்டாலும் கவலையில்லை. செய்தியைச் சிறு சிறு குறியீடுகளாகப் பிரித்து அனுப்புகிறார்கள்; ஒவ்வொரு 31 குறியீடுகளிலும் உண்மையான தகவல் 15 மட்டுமே, மற்றவை பிழை திருத்துவதற்கு. 8 குறியீடுகள் சிதைந்தாலும் மூலத்தை அப்படியே மீட்டுவிடலாம். கணிதவியலாளர்கள் ரீடும் சாலமனும் 1960-ல் வெளியிட்ட இந்த முறைக்கு அடித்தளம், 1832-ல் 20 வயதில் இறந்த பிரெஞ்சுக் கணிதமேதை கால்வாவின் இயற்கணிதம். "இதனால் என்ன பயன்?" என்று கேட்டுக் கணித ஆய்வுக்கு நிதியை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

அப்புறம், பழைய செய்தியைப் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பி ஏமாற்றவும் முடியாது. கடிகாரம் நகர்ந்திருக்கும், தாவல் வரிசையும் மாறியிருக்கும்.

மிஞ்சுவது சாவி ஒன்றுதான். கருவியோடு அது எதிரி கையில் சிக்கினால் இத்தனை கணக்கும் வீண். அதனால்தான் சாவிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள். ஆபத்து நேரத்தில் அவற்றை நொடியில் அழித்துவிடும் வசதியும் விமானத்திலேயே இருக்கிறது.