கனமாக இருந்தால் ஒரிஜினல் என்று யார் சொன்னது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பட்டறைக்குப் போன வாரம் ஒரு தம்பி மார்பளவுச் சிலை ஒன்றைக் கொண்டுவந்தார். பிளாக் பாந்தர் படத்து ராஜா டி'சாலா, நிஜ ஆள் அளவு. கழுத்தைச் சுற்றி வெடிப்பு, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அண்ணே, ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினோம், அவ்ளோ கனம், அதான் ஒரிஜினல்னு நெனச்சேன்" என்றார். இதே பேச்சை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! கோவில் கோபுரத்துச் சுதை வேலைதான் எங்கள் குடும்பத் தொழில், இந்தச் சினிமாச் சிலைகள் பின்னால் வந்து சேர்ந்தவை. இப்போது பழுதுக்கு வருவதில் இவைதான் அதிகம், அதிலும் 'நல்ல கனம்' என்று நம்பி வாங்கியவைதான் அதிகம்.

கனம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் பெரும்பாலானவை பாலிஸ்டோன், அதாவது பாலியூரித்தேன் ரெசின் என்ற செயற்கைப் பிசினில் கல் தூளைக் கலந்து அச்சில் ஊற்றியவை. ரெசின் விலை கூடுதல், தூள் மலிவு. கொஞ்சம் தூள் வேண்டும்தான், அது இருந்தால் வார்ப்பு இறுகும்போது அதிகம் சுருங்காது. ஆனால் தூளைக் கூட்டிக்கொண்டே போனால் சிலை கனக்கும், செய்பவருக்குச் செலவு குறையும், சிலை ஒரு தட்டுக்குச் சில்லு பெயரும். அந்தத் தம்பியின் சிலையில் தலை முழுக்கக் கெட்டி, கழுத்துக்குள் ஒரு கம்பிகூட இல்லை, பீடத்துக்குள் சிமெண்ட்! ரெசின் சூட்டில் இளகும். டர்பன் கோடையில் மூடிய வீட்டில் சன்னலோரம் அவ்வளவு பாரத்தைத் தாங்கி நின்றால் கழுத்து என்னதான் செய்யும்? நன்றாகச் செய்பவர்கள் ஆள் அளவுச் சிலையை உள்ளே கூடாக வார்த்து, உட்பக்கம் பைபர்கிளாஸ் ஒட்டி, கழுத்தில் இரும்பு கொடுத்திருப்பார்கள். அது தூக்கினால் லேசாகத்தான் இருக்கும். லேசாக இருக்கிறதே என்று திருப்பி அனுப்பியவர்களையும் எனக்குத் தெரியும். தயவுசெய்து எடையை விடுங்கள், பீடத்தைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள்.

அடுத்து முகம். அறை விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் எந்தக் குறையும் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் காதுக்குப் பின்னாலும் உச்சந்தலையிலும் அச்சு சேர்ந்த கோடு தெரிகிறதா, மூக்குக்கு அடியில், உதடு சேரும் இடத்தில், தாடைக்குக் கீழே ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த ஓட்டைகள் காற்றுக் குமிழி. காற்றை அழுத்தி ஏற்றும் கலத்தில் வைத்து வார்த்திருந்தால் வந்திருக்காது, வந்தாலும் அடைத்துத் தேய்த்த பிறகுதான் வண்ணம் அடித்திருக்க வேண்டும்.

வண்ணம்தான் எனக்கு மிகவும் வேதனை. கறுப்புத் தோலுக்கு ஒரே பழுப்பை வழித்து அடித்துவிட்டு மேலே மெழுகு மாதிரி பளபளப்பு ஏற்றுகிறார்கள். உங்கள் கையையே பாருங்கள். முட்டியில் ஒரு நிறம், விரல் இடுக்கில் ஒரு நிறம், உள்ளங்கை வேறு. முகத்தில் நெற்றியின் இரு ஓரமும் கறுத்திருக்கும், மூக்கின் ஓரம் சிவந்திருக்கும், கீழுதட்டின் உள்பக்கம் இளஞ்சிவப்பு. தேர்ந்த கை மெல்லிய அடுக்குகளாக, கீழ் நிறம் மேலே கசியும்படி தெளித்திருக்கும். 2018-இல் வந்த அந்தப் படத்தில் ராஜாவின் தகப்பனாக நடித்தவர் நம் நாட்டு ஜான் கனி, படத்து ராஜாவின் நாடான வக்காண்டாக்காரர்கள் பேசுவது நம் நாட்டு கோசா மொழி. அந்தப் படத்து முகத்தைக் கடைப் பொம்மை மாதிரி அடித்து அனுப்பினால் நாமும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டுமா?

கண்ணுக்கு வருவோம். கோவிலில் கண் திறப்பதைக் கடைசியாக வைத்திருப்பது சும்மா இல்லை, கண் பிசகினால் மற்ற வேலை எல்லாம் வீண். சிலையின் பார்வைக்கு நேராகப் போய் நில்லுங்கள். இரண்டு கண்ணும் ஒருசேர உங்களைப் பார்க்க வேண்டும். ஒட்டுப்படக் கண்ணாக இருந்தால் பக்கவாட்டில் நகரும்போது தட்டையாகத் தெரியும். கண்ணாடியோ அக்ரிலிக்கோ என்றால் கருவிழிக்கு ஆழம் இருக்கும். சிலிக்கான் முகம் என்றால் முடியையும் பாருங்கள், ஒவ்வொன்றாகக் குத்தியதா, கொத்தாக ஒட்டியதா என்பது நெற்றி ஓரத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு தவறான நம்பிக்கை, இடமும் வலமும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் போலியாம். 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்து வில்லன் டார்த் வேடரின் முகமூடியைச் செதுக்கியவர் பிரையன் மியூர். கையால் செய்த வேலை என்பதால் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. நிறமும் முழுக் கறுப்பு இல்லை, கறுப்போடு துப்பாக்கி உலோகச் சாம்பல் நிறமும் உண்டு. அந்தப் படத்து முகமூடி என்று சொல்லி விற்பது அச்சுப் பிசகாமல் சமமாக, ஒரே கறுப்பாக இருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு வாங்கப் போங்கள்.

நகல் வார்ப்பை எப்படிப் பிடிப்பது? யாரோ வாங்கிய சிலைமேல் சிலிக்கானை ஊற்றி அச்செடுத்து மறுபடி வார்ப்பதுதான் நகல். ஒவ்வொரு முறையும் ரெசின் கொஞ்சம் சுருங்கும், தோல் சுருக்கம் மழுங்கும். சிலையைச் செய்த நிறுவனம் அறிவித்த உயரத்தை எழுதிவைத்து டேப் வைத்து அளந்து பாருங்கள், நகல் என்றால் அநேகமாகச் சில மில்லிமீட்டர் குறையும். சான்றிதழ் வெறும் அச்சடித்த தாள், அதை யாரும் அடிக்கலாம். சிலையில் போட்டிருக்கும் வரிசை எண் சின்னதாக இருந்தால் தரம் கூடுதல் என்பதும் கட்டுக்கதை. சிலிக்கான் அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே தேய்ந்துவிடும், பிறகு மூலச் சிலையிலிருந்து புது அச்சு எடுப்பார்கள், அதனால் எண்ணை வைத்து அச்சின் நிலைமையைச் சொல்ல முடியாது.

பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் இன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். நிறுவனத்தின் விளம்பரப் படத்தையே திருப்பித் திருப்பி அனுப்பினால் அத்தோடு விடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதற்கு 15 சதவீத வாட் தனியாக உண்டு, அதைத் தவிர்க்க விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள், உடைந்து வந்தால் அந்தக் குறைந்த விலைக்குத்தான் காப்பீடு பேசும். பெட்டியையும் தெர்மாக்கோலையும் தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நேர் வெயில் வேண்டாம், புற ஊதாக் கதிர் ரெசினை மஞ்சளாக்கும். கடலோரத்து உப்புக் காற்றில் உள்கம்பியும் பாகங்களைச் சேர்க்கும் காந்தமும் துருப்பிடித்து மூட்டில் பழுப்புக் கறை கசியும், அதையும் அவ்வப்போது பாருங்கள். பக்கத்தில் சாம்பிராணி போடாதீர்கள், மங்கல் வண்ணத்தில் புகை ஏறினால் எடுப்பது பெரும்பாடு. தூசிக்கு மேக்கப் பிரஷ் போதும். தின்னர், ஸ்பிரிட், வெட் வைப்ஸ் எதுவும் கூடவே கூடாது!

அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள். உடைந்துபோனால் அவசரப்பட்டு சூப்பர் குளூ போட்டு ஒட்டாதீர்கள் அக்கா, தம்பி, யாராக இருந்தாலும் சரி. கோணலாக ஒட்டியதைப் பிரித்தெடுக்கவே பாதி வேலை போய்விடுகிறது, பிரிக்கும்போது வண்ணமும் போகிறது. தரையில் கிடக்கும் சின்னச் சில்லைக்கூடப் பெருக்கித் தள்ளாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.